ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி 700, சஃபாரி, கிரிஸ்டா: டிரெய்லர் இழுக்க எது?

என் அண்ணன் மகன் பைக் பந்தயத்தில் இறங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பந்தய பைக்குக்கு நம்பர் பிளேட்டும் கிடையாது, முகப்பு விளக்கும் கிடையாது. சாலையில் ஓட்டிச் செல்ல முடியாது. ஆகவே இருங்காட்டுக்கோட்டை பந்தய ஓடுதளமானாலும், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ஆனாலும், இரண்டு பைக்குகளையும் டிரெய்லரில் ஏற்றி வீட்டு வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வது என் பொறுப்பாயிற்று. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை இந்த வேலை. மற்ற நாள்களில் அதே வண்டிதான் போரூரிலிருந்து அலுவலகத்துக்கும், கோடை விடுமுறையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கும் போக வேண்டும்.

சென்ற ஆண்டு வரை இதற்கு ஒரு சிறிய எஸ்யூவியை வைத்திருந்தோம். சுமார் 1,200 கிலோ எடை, முன்சக்கர இயக்கம், பின்னால் டிரம் பிரேக். இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்வந்த வரை குறையொன்றும் தெரியவில்லை. கோயம்புத்தூருக்குப் போனபோது தொப்பூர் கணவாயில்தான் உண்மை புரிந்தது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது அந்தச் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகும் வண்டிகளின் மீது மோதிய விபத்துகளால் ஊரறிந்த இடம் அது. மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது டிரெய்லர் முதலில் மெல்ல இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, மூன்றாவது ஆட்டத்தில் வண்டியின் பின்புறத்தையே பக்கவாட்டில் தள்ளியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டதில் ஒருவாறு அடங்கியது. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்து வந்ததால், ஓமலூரில் தேநீருக்கு நிறுத்தியபோது முன்சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை வீசிக்கொண்டிருந்தது. அண்ணன் மகன் வெகுநேரம் பேசவே இல்லை.

ஊர் திரும்பியதும் டிரெய்லரைப் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு எடை மேடையில் நிறுத்தினோம். பைக்குகள், டூல் பெட்டி, மாற்று டயர்கள், சிறிய ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து 780 கிலோ. வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியை டிரெய்லரின் மூக்குக்கு, அதாவது வண்டியோடு இணையும் முன்முனைக்கு, கீழே ஒரு மரக்கட்டையோடு வைத்துப் பார்த்தால் 38 கிலோதான் காட்டியது. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச்சின் மீது இறங்க வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் டிரெய்லரின் வால் கனத்து ஆட்டம் பிடிக்கும். பைக்குகளை ஒரு முழம் முன்னால் தள்ளிக் கட்டியதும் கருவி 76 காட்டியது. ஆக, தொப்பூரில் நடந்ததில் பாதிக் குற்றம் சுமை ஏற்றிய எங்களுடையது. மீதிப் பாதி, தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கைப் பின்னால் இழுத்துக்கொண்டு இறக்கத்தில் போன சிறிய வண்டியினுடையது. இப்படிப்பட்ட வேலைக்கு வண்டி தேடுபவர் முதலில் குதிரைத்திறனைப் பார்க்கிறார். ஆனால் பார்க்க வேண்டியவை வண்டியின் எடை, அடிச்சட்டம், பின் அச்சு, பிரேக் ஆகியவையே என்பதுதான் என் உறுதியான கருத்து.

நாங்கள் எடுத்துக்கொண்டவை நான்கும் டீசல் வண்டிகள்: மஹிந்திரா ஸ்கார்பியோ-என், மஹிந்திரா எக்ஸ்யூவி 700, டாடா சஃபாரி, டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா. கிரிஸ்டாவை எஸ்யூவி என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருந்தாலும் இழுவை, நெடுஞ்சாலை, நம்பகம் என்ற மூன்றையும் ஒரே தராசில் வைக்கும்போது அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமாகாது. ஃபார்ச்சூனர் 500 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க்கோடு, அதாவது முறுக்குவிசையோடு, இந்த வேலையை எளிதில் முடிக்கும், விலைதான் எட்டாது. கிரெட்டாவின் 1.5 லிட்டர் டீசல் 250 என்எம். இருங்காட்டுக்கோட்டைச் சாலையிலேயே தயாராகும் நல்ல வண்டி என்றாலும், நாங்கள் விட்டுவந்த எடை வகுப்பிலேயே அது நிற்கிறது.

வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், நீளமாக இருந்தால் டிரெய்லர் ஆட்டம் குறையும் என்பார்கள். உண்மைதான், ஆனால் இங்கே அதை வைத்துத் தேர்வு செய்ய முடியாது. ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி 700, கிரிஸ்டா மூன்றுக்கும் வீல்பேஸ் 2,750 மி.மீ.; சஃபாரிக்கு 2,741 மி.மீ. வேறுபாடு வருவது பின் அச்சுக்கும் ஹிட்ச் உருண்டைக்கும் இடையே உள்ள தூரத்தில். அந்தத் தூரம் கூடக் கூட, டிரெய்லர் வண்டியின் வாலைத் தள்ளுவதற்கான நெம்புகோல் நீளம் கூடுகிறது. 4,735 மி.மீ. நீளமுள்ள கிரிஸ்டாவுக்கு இந்த இடத்தில் ஒரு சிறு பின்னடைவு உண்டு. வண்டி பார்க்கப் போகும்போது டேப் ஒன்றை எடுத்துச் சென்று இதை அளந்துவிடுவது நல்லது.

அடிச்சட்டத்தில் நான்கும் இரண்டு அணியாகப் பிரிகின்றன. ஸ்கார்பியோ-என்னுக்கும் கிரிஸ்டாவுக்கும் ஏணி போன்ற தனிச் சேசிஸ். எக்ஸ்யூவிக்கும் சஃபாரிக்கும் உடலும் சட்டமும் ஒன்றான மோனோகாக். தனிச் சேசிஸில் ஹிட்ச்சை இரண்டு நீள இரும்புச் சட்டங்களில் போல்ட் போட்டு முடுக்கலாம். சுமை நேரே சட்டத்துக்குப் போய்விடும். மோனோகாக்கில் அந்த இழுவிசையைத் தகட்டு உடலில் பல இடங்களுக்குப் பரப்பியாக வேண்டும், அதற்கென்று வடிவமைத்த ஹிட்ச் வேண்டும். பழைய வண்டிக்கு நகருக்குள் ஒரு பட்டறையில் போட்டிருந்த ஹிட்ச்சை எங்கள் மெக்கானிக் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, பிளேட்டு ஆறு எம்எம்தான் போட்டிருக்காங்க, வெல்டிங் ஓரத்துல கோடு விழுந்திருக்கு பாருங்க” என்று காட்டினார். நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல், அதன் உள்ளே துருவின் செம்மை. அந்த ஹிட்ச்சோடுதான் தொப்பூரில் இறங்கியிருந்தோம்.

இந்தியாவில் இத்தகைய வண்டிகளுக்கு இழுவைத் திறன் இத்தனை கிலோ என்று விளம்பரத்தில் போடும் வழக்கமில்லை. ஆஸ்திரேலியாவில் போட்டாக வேண்டும். அங்கே விற்கும் ஸ்கார்பியோவுக்கு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 2,500 கிலோ என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. எக்ஸ்யூவி 700-க்கு 1,500 கிலோ. அங்கே போவது ஃபோர்-வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக் ஸ்கார்பியோவும் பெட்ரோல் எக்ஸ்யூவியும் என்பதால் அந்த எண்களை நம் வண்டிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. இங்கே கையேட்டில் உள்ளதே செல்லும். ஆனாலும் ஒரே நிறுவனம் தன் இரண்டு வண்டிகளுக்கும் இடையே வைத்திருக்கும் இந்த 1,000 கிலோ இடைவெளி, சேசிஸ் பற்றி மேலே சொன்னதற்குச் சான்றாக நிற்கிறது. 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இருக்க வேண்டும் என்பதும் அந்நாட்டு விதி. அதைப் படித்த பிறகுதான் எங்கள் டிரெய்லருக்கு, வண்டி வேகம் குறைக்கும்போது தானாகப் பிடிக்கும் பிரேக்கைப் பொருத்தினோம். எந்த வண்டி வாங்கினாலும் இந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது அடுத்த கேள்வி. டிரெய்லரின் மூக்கு ஹிட்ச்சை அழுத்தும்போது வண்டியின் முன்பக்கம் சற்றே தூக்கும். முன்சக்கரங்களின் பிடிப்பு குறையும். ஐப்பசி மழையில் ஓடுதளத்தின் பின்புறச் சேற்றுத் தரையிலிருந்து வெளியே வர, பழைய வண்டியின் முன்சக்கரங்கள் வெறுமனே சுழன்றதும், நான்கு பையன்கள் பானட்டின் மீது ஏறி உட்கார்ந்த பிறகே வண்டி நகர்ந்ததும் மறக்கவில்லை. டீசல் சஃபாரி முன்சக்கர இயக்கம் மட்டுமே. எக்ஸ்யூவியும் பெரும்பாலும் அப்படியே. உயர்ந்த டீசல் ஆட்டோமேட்டிக் வகையில் மட்டும் நான்கு சக்கர இயக்கம் கிடைக்கும். ஸ்கார்பியோ-என்னும் கிரிஸ்டாவும் பின்சக்கர இயக்கம் என்பதால் ஹிட்ச்சின் சுமை இழுக்கும் சக்கரத்தின் மீதே விழுந்து பிடிப்பைக் கூட்டுகிறது.

இன்ஜின் வலிமையில் எக்ஸ்யூவி முன்னிற்கிறது: 185 பிஎஸ், ஆட்டோமேட்டிக்கில் 450 என்எம். ஸ்கார்பியோ-என் 175 பிஎஸ், ஆட்டோமேட்டிக்கில் 400, மேனுவலில் 370. சஃபாரி 170 பிஎஸ், 350 என்எம். கிரிஸ்டா 150 பிஎஸ், 343 என்எம், ஐந்து கியர் மேனுவல் மட்டும். 780 கிலோவுக்கு இவற்றில் எதுவும் போதும். கியர்பாக்ஸ்தான் எங்களுக்கு முக்கியமாகப்பட்டது. மெட்ரோ பணிகளால் ஆண்டுக்கணக்காகக் குறுகிப்போயிருந்த போரூர்–பூந்தமல்லிச் சாலையில், டிரெய்லரோடு அடி அடியாக நகர்ந்து பழகியவருக்குத் தெரியும், மேனுவல் வண்டியில் கிளட்ச் தகடு எவ்வளவு விரைவில் தேயும் என்று. கிளட்ச் தகட்டுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் அந்தத் தொல்லையைத் தீர்க்கிறது, டிரெய்லரோடு பின்னோக்கி எடுப்பதையும் எளிதாக்குகிறது. இறக்கத்தில் மட்டும், இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி, கியரைக் கையால் மூன்றாவதில் நிறுத்திவைக்கும் பழக்கம் வேண்டும்.

டிரெய்லர் இல்லாத நெடுஞ்சாலைப் பயணம் என்றால் எக்ஸ்யூவியோடு மற்றவை போட்டியிட முடியாது என்றே சொல்வேன். நண்பர் ஒருவரின் வண்டியில் திண்டிவனம், உளுந்தூர்பேட்டை வழியாகத் திருச்சி வரை சென்றபோது பின்னிருக்கையில் அம்மா தூங்கியே வந்தார்கள். பின்சக்கரங்கள் தனித்தனியே மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்வதால் பாலங்களின் இணைப்புகளில் தடதடப்பு இல்லை. சஃபாரியும் இதில் குறைந்ததல்ல. லேண்ட் ரோவரின் டி8 தளத்திலிருந்து வந்த அடித்தளம் அதிக வேகத்தில் சாலையைக் கவ்விக்கொண்டு போகிறது. அதில் மட்டும் டிரெய்லர் கட்டிப் பார்க்க எங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஸ்கார்பியோ-என் உயரமான வண்டி. காலியாக ஓடும்போது சிறு பள்ளங்களில் குலுக்கும், வளைவில் சாயும். ஆனால் டிரெய்லரைக் கட்டியதும் கதை மாறிவிடுகிறது. பின் அச்சைப் பக்கவாட்டில் நகரவிடாமல் நடுவிலேயே பிடித்து வைக்கும் வாட்ஸ் இணைப்பு அதில் இருக்கிறது. லாரிகள் கடந்துபோகும்போது டிரெய்லர் தரும் சிறு தள்ளல்களை வண்டி பொருட்படுத்துவதே இல்லை.

நம்பகத்தில் கிரிஸ்டாவுக்கே முதலிடம். 2016-இல் வந்த வண்டி, அதன் 2.4 லிட்டர் இன்ஜின் பல நாடுகளில் ஹைலக்ஸ் பிக்கப்பிலும் உழைக்கிறது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிரிஸ்டாவைக் கண்டு எந்த டாக்ஸி ஓட்டுநரும் வியப்பதில்லை. 2024 ஜனவரியில் டொயோட்டாவின் டீசல் இன்ஜின்களைச் சான்றுக்காகச் சோதித்த முறையில் முறைகேடு நடந்ததாக ஜப்பானில் தெரியவந்து, இங்கும் கிரிஸ்டா அனுப்புவது சில நாள்கள் நின்றது. சோதனையில் ஆற்றலைப் பதிவுசெய்த விதம் பற்றிய சிக்கல் அது, இன்ஜினின் உழைப்பைப் பற்றியதல்ல. மஹிந்திரா வண்டிகளைப் பழையதாக வாங்குபவர்கள் இரண்டு திரும்ப அழைப்புகளைக் கேட்டறிய வேண்டும்: 2022 ஜூலை முதல் நவம்பர் வரை தயாரான மேனுவல் வண்டிகளில் 6,618 ஸ்கார்பியோ-என், 12,566 எக்ஸ்யூவி ஆகியவற்றுக்குக் கிளட்ச் உறையில் உள்ள ரப்பர் பாகத்துக்காக, 2023 ஆகஸ்டில் 1,08,306 எக்ஸ்யூவிகளுக்கு இன்ஜின் அறை வயரிங் பரிசோதனைக்காக. அந்த வேலை முடிந்ததா என்பதைச் சேசிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் நிலையத்தில் கேட்கலாம். சஃபாரியில் இருப்பது ஃபியட்டின் 2 லிட்டர் இன்ஜின். ஜீப் காம்பஸ், எம்ஜி ஹெக்டர் ஆகியவற்றிலும் அதுவே ஓடியதால் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது. அதன் டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றுவதை மறக்கக் கூடாது.

சென்னையில் பழைய வண்டி வாங்குபவர் வேறொன்றையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள்; அடிப்பகுதியில் சேற்றுக் கறை ஒரு கோடாகத் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 61-ஆம் பிரிவின்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். ஹிட்ச் பொருத்துவதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். டிரெய்லர் விளக்குகளுக்கு வண்டியின் வயரை வெட்டி ஒட்டாமல் தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைப்பது, கணினியால் இயங்கும் இன்றைய வண்டிகளுக்குக் கட்டாயம் என்றே கொள்ளலாம்.

டிரெய்லர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான், அதுவும் 500 கிலோவுக்குள் என்றால் எக்ஸ்யூவியை வாங்குவேன். மேனுவல் கியருக்குச் சலிக்காதவர், பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்க நினைப்பவர் கிரிஸ்டாவை எடுக்கலாம். எங்கள் கணக்குக்கு ஸ்கார்பியோ-என் டீசல் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம் என்று முடிவாயிற்று. 2023-ஆம் ஆண்டு வண்டி ஒன்று கிடைத்தது. பத்து எம்எம் தகட்டில் புதிய ஹிட்ச் செய்து, வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் சேசிஸோடு முடுக்கினோம். சென்ற மாதம் தொப்பூரில் மூன்றாவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் இறங்கினோம், அடிவாரம் வரை பிரேக்கை இரண்டு முறைதான் தொட நேர்ந்தது. அதே தேநீர்க் கடையில் நிறுத்தியதும் அண்ணன் மகன் குனிந்து நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிச் சூடு பார்த்துவிட்டு வந்தான்.