செட்ஸ்பேஸ்: லேடெக்கில் வரி இடைவெளிக்கு நம்பத்தக்க பேக்கேஜ், தமிழுக்குச் சிறு திருத்தத்துடன்

ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக் மென்பொருளில் வரி இடைவெளியைக் கூட்ட லைன்ஸ்ப்ரெட் கட்டளை இருக்கும்போது தனியாக ஒரு பேக்கேஜ் (கூடுதல் வசதித் தொகுப்பு) எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கட்டளை அடிக்குறிப்பு, அட்டவணை என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் விரித்துவிடும். செட்ஸ்பேஸ் உரைப்பகுதியை மட்டும் விரித்து, அடிக்குறிப்புகளையும் மிதக்கும் படங்கள், அட்டவணைகளையும் ஒற்றை இடைவெளியிலேயே விட்டுவிடுகிறது. ஆய்வேடு எழுதுபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே போதும்.

கட்டளைகளின் பெயர்களை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. டபுள்ஸ்பேசிங் என்று கொடுத்தால், 10 புள்ளி (பாயிண்ட்) எழுத்துக்கு வழக்கமாக உள்ள 12 புள்ளி இடைவெளி 24 ஆகாது, 1.667ஆல் பெருக்கப்பட்டு 20 புள்ளியாகிறது. எழுத்தளவின் இரு மடங்கு என்பதே அதன் கணக்கு. வேர்டின் இரட்டை இடைவெளிக்குப் பழகிய கண்ணுக்கு இது நெருக்கமாகத்தான் தெரியும். வேறு அளவு வேண்டுமென்றால் செட்ஸ்ட்ரெட்ச் கட்டளையில் நாமே எண்ணைக் கொடுக்கலாம்.

தமிழ் உரையில் இதன் பயன் அழகோடு நிற்பதில்லை. ஒரு வரியில் மிகக் கீழே இறங்கும் எழுத்தையும் அடுத்த வரியில் மிக உயரும் எழுத்தையும், லேடெக்குக்கு அடிப்படையாக உள்ள டெக் நிரல் கூட்டிப் பார்க்கிறது. அந்தக் கூட்டுத்தொகை நிர்ணயித்த இடைவெளியைத் தாண்டினால், அதைக் கைவிட்டு இரண்டு வரிகளுக்கும் நடுவே 1 புள்ளி வெற்றிடத்தை வைத்துவிடுகிறது. ஆகவே ‘ழு’ மேல் வரியின் தொடக்கத்திலும் ‘ஸ்ரீ’ கீழ் வரியின் முடிவிலும் இருந்து, ஒன்றையொன்று தொடவே வாய்ப்பில்லாதபோதும், அந்த இரண்டு வரிகள் மட்டும் விலகி நிற்கக்கூடும். மேல்விலங்குச் சுழி உயரமாக உள்ள எழுத்துருக்களில் இது அடிக்கடி நேரும். 1.25 அளவுக்கு விரித்தால் பெரும்பாலும் பக்கம் சீராகிவிடுகிறது.

ஒரு பகுதியை மட்டும் மாற்றும்போது ஸ்பேசிங் என்ற சூழலை (தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்ட பகுதியை) பயன்படுத்துவதே பாதுகாப்பானது. பத்தி முடியும் இடத்தில் உள்ள அளவையே டெக் பத்தி முழுவதற்கும் எடுத்துக்கொள்வதால், கட்டளையை நெளிவு அடைப்புக்குள் எழுதிப் பத்தி முடியுமுன் மூடிவிட்டால் எந்த மாற்றமும் தெரியாது.

எனக்குள்ள குறை அடிக்குறிப்பில்தான். பேக்கேஜின் சிறப்பாகச் சொன்ன அதே ஒற்றை இடைவெளி, 8 புள்ளி எழுத்துக்கு 9.5 புள்ளி என்ற நெருக்கடியில் தமிழை அடைக்கிறது. கோப்பில் உரை தொடங்குமுன் வரும் முகப்புப் பகுதியில் செட்சிங்கிள்ஸ்பேஸ் கட்டளைக்கு 1.15 போன்ற மதிப்பைக் கொடுத்தால் அடிக்குறிப்புகளும் சற்று மூச்சுவிடுகின்றன.