தென்காசியில் இரண்டு ஆண்டுகள்: குடும்பத்தோடு குடிபெயர ஏற்ற ஊரா?

தென்காசியைக் குடியிருக்கும் எண்ணத்தோடு நாங்கள் முதலில் பார்த்தது 2022 ஜூலை மாதத்தில். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஊருக்குள் இறங்கும் காலம் அது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழும், பகலில்கூட மின்விசிறி தேவைப்படாது, காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளையே தள்ளும். அன்றைக்கே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கும் மனைவிக்கும் தோன்றியது. அதைத் தடுத்தவர் அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த என் மனைவியின் பெரியப்பா. "சீசன்ல பாத்து முடிவெடுத்திராதிய மாப்ளே, சித்திரையில வந்து ஒரு வாரம் இருந்து பாருங்க" என்றார். ஊர் மாறும் விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பதால், இந்த மதிப்பீட்டை அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அடுத்த ஆண்டு மே மாதம் ஒரு வாரம் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினோம். குற்றாலத்தில் பாறை மட்டுமே தெரிந்தது. பகல் வெயில் சென்னைக்குச் சற்றும் குறைந்ததாக இல்லை; கடலோர ஊரின் கசகசப்பு இல்லை என்பதே வேறுபாடு. தெருக்குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மின்சாரம் எந்த நேரத்தில் நிற்கிறது, மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைகளை எங்கே விளையாட விடலாம் என்பனவெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்தன. அப்போதும் ஊர் பிடித்திருந்ததால்தான், நாங்கள் இருவரும் இரண்டு பிள்ளைகளும் 71 வயதான என் அம்மாவுமாக ஜூன் மாதத்தில் குடிவந்தோம். கும்பகோணம், உடுமலைப்பேட்டை ஆகிய ஊர்களையும் பார்த்திருந்தோம். உறவினர் பக்கத்தில் இருப்பதும் சென்னைக்கு நேரடி இரவு ரயில் இருப்பதும் தென்காசியின் பக்கம் சாய வைத்தன.

வீடு தேடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குற்றாலத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் பல வீடுகள் சீசன் மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படுபவை. அத்தகைய வீடு ஒன்றை நாங்கள் பேசி முடிக்கும் நிலையில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாடியைக் காலி செய்து தர வேண்டும் என்று உரிமையாளர் நிபந்தனை விதித்தார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்காது. ஆகவே ஊருக்குள்ளேயே, பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு எடுத்தோம். சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலம் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்பதைப் பார்க்கும்போது அது சரியான முடிவு என்றே படுகிறது.

எங்களுக்கு மிகுந்த கவலை தந்தது மருத்துவம். அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருக்கிறது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. இங்குள்ள அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இயங்குகிறது. காய்ச்சல், எலும்பு முறிவு, பிரசவம் போன்றவற்றுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. ஆனால் இதயச் சிகிச்சை என்றால் சுமார் 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலிக்கோ, ஆரியங்காவு மலைப்பாதையைக் கடந்து திருவனந்தபுரத்திற்கோ போக வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு ஓர் இரவு அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது திருநெல்வேலி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அம்மா நலமாகத் திரும்பினார். இருந்தாலும், வீட்டில் இதய நோயாளியோ தொடர் சிகிச்சை தேவைப்படுபவரோ இருந்தால், இந்தத் தூரத்தை ஏற்க முடியுமா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்யுங்கள். நாங்கள் இந்தக் கணக்கை இன்னும் தீவிரமாகப் போட்டிருக்க வேண்டும்.

பள்ளிகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்வு செய்யப் பல பள்ளிகள் உள்ளன. சிபிஎஸ்இ வேண்டுமென்றால் தெரிவு குறைவு. எங்களுக்குச் சிக்கல் வந்தது பழைய பள்ளியால். பள்ளிக் கல்வித்துறை மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில், புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும்படி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றாமல் அவர்கள் மூன்று வாரம் இழுத்தடித்ததால், மாற்றுச் சான்றிதழ் கையில் இருந்தும் மகளின் பெயர் புதிய பள்ளியின் பதிவேட்டில் ஏறவில்லை. சான்றிதழ் வாங்கும் அன்றே அந்த மாற்றத்தையும் செய்யச் சொல்லி, முடிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவது நல்லது.

வேலையைப் பொறுத்தவரை, 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் இயங்கி வருவதால், கணினித் துறை இந்தப் பக்கத்திற்குப் புதிதன்று. என் மனைவி வேறொரு நிறுவனத்திற்கு வீட்டிலிருந்து பணி செய்கிறார். இரண்டு நிறுவனங்களின் இணைய இணைப்பும் ஓர் இன்வெர்ட்டரும் வைத்த பிறகு அவருக்குத் தடை ஏற்படவில்லை. மாதம் ஒருமுறை பொதிகை விரைவு ரயிலில் மாலையில் ஏறி, மறுநாள் காலை எழும்பூரில் இறங்கி அலுவலகம் போய்விடுகிறார். முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 60 நாள்களாகக் குறைந்துவிட்டதால், பொங்கல், தீபாவளிப் பயணங்களுக்கு முன்பதிவு தொடங்கும் காலையிலேயே விழிப்பாக இருக்க வேண்டும்.

அன்றாடச் செலவில் காய்கறிதான் பெரிய ஆறுதல். பாவூர்ச்சத்திரம் சந்தைக்கு வரும் கத்தரிக்காயும் வெண்டையும் சின்ன வெங்காயமும் வாடாமல் வீட்டுக்கு வந்து சேருகின்றன. கேரளத்திற்கும் இங்கிருந்தே லாரிகள் போவதால் ஓணத்திற்கு முந்தைய வாரம் மட்டும் விலை ஏறும். பிரானூர் பார்டர் புரோட்டாவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அருவிக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்ற துணிவில் பிள்ளைகளைத் தனியே அனுப்புவதை மட்டும் அனுமதிக்க மாட்டேன். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் அக்டோபரில் பள்ளி விட்டதும் இருவரும் தெருவில் இருட்டும் வரை விளையாடுகிறார்கள். அம்மா கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் பேச நான்கு வீடுகள் இருக்கின்றன. சென்னையில் ஏழு ஆண்டுகள் அடுக்குமாடியில் இருந்தும் அவருக்கு இது அமையவில்லை.

வீட்டு ஒப்பந்தம் அடுத்த ஜூனில் முடிகிறது. மேலும் மூன்று ஆண்டுகளுக்கு எழுதித் தரும்படி உரிமையாளரிடம் கேட்டிருக்கிறோம்.