வெயிலைப் பார்த்து வீடியோ: தனுஷ்கோடிக் கரையில் என்டி ஃபில்டர் அனுபவம்

இராமநாதபுரம் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு அவுட்டோர் என்றாலே தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைதான். 2017-ல் தார்ச்சாலை வந்ததிலிருந்து கேட்கவே வேண்டாம். எனக்கும் அதே பிழைப்புதான். என்டி ஃபில்டர் என்றால் லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; என்டி 64 என்றால் 64-ல் ஒரு பங்குதான் உள்ளே போகும். மிரர்லெஸ் கேமராவோடு ஒரு வேரியபிள் என்டி (இருட்டைக் கூட்டிக் குறைக்கலாம்), ஒரு என்டி 64, ஒரு என்டி 1000 ஆகியவற்றை வருடக்கணக்கில் இந்த உப்புக்காற்றில் புழங்கிவிட்டேன்.

சூரியனை நேரே பார்த்து எடுத்தால் லென்ஸ் வெயிலைக் குவித்து, படம் பதியும் சென்சாரைப் பொசுக்கிவிடும். அதனால் முதலில் நம்ம ஊர் சூரியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் இருப்பது ஏறக்குறைய 9 டிகிரி வடக்கில். இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறாது, கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும். நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. கடல்மட்டத்தில் சிவப்பாக இருக்கும்போது காற்றும் ஈரமும் பெரும்பகுதி வெளிச்சத்தைத் தின்றுவிடுகின்றன, அப்போது பயமில்லை. இருபது நிமிடம் கழித்து அதே ஃபிரேம், அதே லென்ஸ், ஆனால் வேறு சூரியன். "இப்பத்தானே சும்மா எடுத்தோம்" என்கிற தைரியத்தில்தான் சென்சார் போகிறது.

ஷட்டர் வேகத்தைக் கூட்டி ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்வு அளவை) குறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. திரையில் படம் இருட்டாகும், அவ்வளவுதான். வீடியோ ஓடும்போது சென்சார் முழு நேரமும் திறந்தே கிடக்கிறது. விழுகிற சூடு இம்மியும் குறையாது. சூட்டைக் குறைப்பவை மூன்றே: அபர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம்; எஃப் எண் கூடினால் அது சிறுக்கும்), முன்னால் மாட்டும் ஃபில்டர், லென்ஸ் மூடி. எஃப் 2.8-லிருந்து எஃப் 16-க்குப் போனால் வெளிச்சம் 32-ல் ஒரு பங்காகிவிடும். ஆனால் அப்போது பின்னணியும் தெளிவாகிவிடும், பின்னணி மங்கலாக இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் விடுவார்களா?

அங்கேதான் என்டி 64 கைகொடுக்கிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8, ஷட்டர் 1/50 வைக்க ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைக்க வேண்டும். 64 என்பது சரியாக அந்த ஆறு ஸ்டாப். என் பையில் அதிகம் தேய்ந்த ஃபில்டர் இதுதான்.

வேரியபிள் என்டி வசதிதான், மறுக்கவில்லை. வளையத்தைத் திருப்பினால் போதும். ஆனால் 24 மி.மீ. லென்ஸில் கடைசி வரை திருப்பினால் வானத்தில் கறுப்பாகப் பெருக்கல் குறி விழுகிறது. லேசான மஞ்சளும் ஏறுகிறது. ஆடிக் காற்றில் மணல் புகுந்து வளையம் நறநறக்கத் தொடங்கியதும் அதைக் கல்யாண மண்டபத்து வாசல் வேலைக்கு ஒதுக்கிவிட்டேன். உப்புப் படிந்த கண்ணாடியைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். மணலை ஊதிவிட்டு, குடிதண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, அப்புறம் துடையுங்கள்.

லென்ஸ் நீளமும் கணக்கில் வரும். சென்சாரில் விழும் சூரியனின் அகலம் குவியத் தூரத்தில் சுமார் 110-ல் ஒரு பங்கு. 24 மி.மீ.யில் அது ஒரு கடுகுகூட இல்லை, 200 மி.மீ.யில் கிட்டத்தட்ட 2 மி.மீ. இடம் பெரிதாகப் பெரிதாகச் சூடு ஆறாது. டெலியில், அதாவது 200 மி.மீ. போன்ற நீள லென்ஸில், ஏறிய சூரியன் என்றால் நான் என்டி 1000 போடுவேன், ஷாட் முடிந்ததும் மூடி.

அந்த மூடிதான் விலை குறைந்த காப்பு. கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் ட்ரைபாடில் கேமராவைக் கிழக்கே பார்க்க நிறுத்திவிட்டு டீக்குப் போனார். திரும்பி வந்தபோது படத்தில் ஊதாக் கோடு, இன்றுவரை போகவில்லை. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: மாலையில் மேற்கே முதுகு காட்டி கேமராவைத் தோளில் தொங்கவிட்டால் வியூஃபைண்டர் வழியாக வெயில் புகுந்து உள்ளிருக்கும் குட்டித் திரையைப் பொசுக்கும். ஒரு துண்டைப் போட்டு மூடினால் தீர்ந்தது.

2010 ஜனவரி 15 கங்கண கிரகணத்துக்குத் தனுஷ்கோடியில் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை: என்டி 1000 கிரகணத்துக்கு ஆகாது. அது ஆயிரத்தில் ஒரு பங்கை உள்ளே விடுகிறது. அதற்கென்றே உள்ள சோலார் ஃபில்டர் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் விடும். கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால், சாதாரண என்டியை நம்பி அதில் கண்ணை வைக்கவே வேண்டாம்.