பிடி உடைந்த சவரக்கத்தி: ஒட்டுவதா, மாற்றுவதா?

மடக்கி வைத்திருந்த கத்தி சோப்புக் கையிலிருந்து நழுவிக் குளியலறைத் தரையில் விழுந்தது. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பழைய சவரக்கத்தி. அலகு தப்பித்துவிட்டது. கொம்புப் பிடியின் இரண்டு பக்கப் பட்டைகளில் ஒன்று மட்டும், அலகு சுழலும் ஆணியை ஒட்டி, முடி நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது.

எனக்கு முதலில் தோன்றியது சூப்பர் க்ளூதான். பட்டையின் நடுவிலோ வால் பக்கமோ விரிசல் என்றால் அது போதும். திரவம் மெல்லிய இடுக்கில் தானே ஊறி இறங்கும். நூலால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் வழித்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஆணித் துளையை ஒட்டிய விரிசல் அப்படியல்ல. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் விசை அந்தத் துளையில்தான் விழுகிறது. சூப்பர் க்ளூ காய்ந்தால் கெட்டிதான், ஆனால் வளைந்து கொடுக்காது. என் ஒட்டு மூன்று வாரம் தாங்கியது. பசை ஆணிக்குள் கசிந்து அலகையும் இறுக்கிவிட்டது. எபாக்ஸி இதைவிடத் தேவலை, ஆனாலும் துளை ஓரத்தில் அதையும் நான் நம்பமாட்டேன். அங்கே ஒட்டு விட்டால் அலகு சாய்ந்து மூடும். கூர் பட்டையில் மோதிச் சில்லு பெயரும், அல்லது விரலைப் பார்க்கும்.

உடைந்த பட்டையை மட்டும் மாற்றலாமா? செலவு குறைவுதான். ஆனால் இரண்டு பக்கமும் தடிமன் ஒத்துவராவிட்டால் அலகு நடுவில் உட்காராது. எனக்கு ஒத்துவரவில்லை.

அலகு துருவேறி வீணான இன்னொரு பழைய கத்தியின் பிடியைக் கழற்றிப் பூட்டுவது பலர் மறக்கும் வழி. அளவு பொருந்தினால் இதுதான் சுலபம். அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள்: 5/8, 6/8 என்று. 5/8 பிடியில் 6/8 அலகைப் பூட்டினால் முதுகு வெளியே துருத்தும். நீளம் கூடினால் அலகின் மூக்கு, வால்பக்கம் இரு பட்டைக்கும் நடுவே இருக்கும் ஆப்பில் இடிக்கும்.

வாங்கும் முன் பிடியை விரலால் சூடு வரத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. வயதானால் அமில ஆவி விட்டு, பிடிக்குள் இருக்கும் அலகையே அரிக்கும். மூடி வைத்த கத்தியில் பிடி மறைக்கும் இடம் மட்டும் துருவேறியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அதை ஒட்டிக் காப்பாற்ற நினைக்காதீர்கள். தீயும் சட்டென்று பிடிக்கும்.

கடைசி வழி, புதுப் பிடி. எருமைக் கொம்பு அழகு. ஆனால் காய்ந்தால் அடுக்கு விடும், பூச்சியும் தின்னும், அவ்வப்போது எண்ணெய் கேட்கும். அராவும்போது முடி கருகும் நாற்றம் வேறு. அக்ரிலிக்குக்குத் தண்ணீர் பயமில்லை. துளையிடும்போது அவசரப்பட்டால் உருகும், விளிம்பு பெயரும். மரம் இவ்விரண்டுக்கும் நடுவே. துளைக்குள்ளும் எண்ணெய் ஏற்றினால்தான் ஈரத்தில் உப்பாது. நான் ஈட்டி மரம் எடுத்தேன்.

பழைய ஆணியின் தலையை அரத்தால் அராவித் தள்ளினேன். 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகி, வாஷருக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டினேன். பிறகு உருண்டைத் தலைச் சுத்தியல். ஓங்கி அடித்தால் கம்பி உள்ளே வளைந்துவிடும். தட்டித் தட்டியே தலையை விரிக்க வேண்டும். பத்துத் தட்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன். அலகு தானாகவும் விழக் கூடாது, இழுத்துத் திறக்கும்படியும் இருக்கக் கூடாது. முதல் ஆணியை இறுக்கிக் கெடுத்தேன், இரண்டாவது சரியாக வந்தது. பழைய ஆப்பு ஈயமாக இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், தூள் நஞ்சு.

பாதி பிளேடு செருகும் சலூன் கத்தி வாங்கிவிடலாமே என்றார் நண்பர். வாங்கலாம், ஆனால் சோலிங்கன் அலகு அலமாரியில்தான் கிடக்கும்.

உடையாத அந்தக் கொம்புப் பட்டையை எறியவில்லை. ஈட்டி மரத்தில் கோடு போட அதுதான் அச்சு. அடுத்த முறைக்கும் அதுவே.