இளமாணி ஒரு துறை, கலாநிதி இன்னொரு துறை: பேராதனைப் பட்டதாரிக்கு எந்த வழி?

பேராதனைப் பொறியியற் பீடத்தில் பொதுவான முதலாம் ஆண்டு முடிந்ததும் பெறுபேற்றைப் பார்த்தே துறை கிடைக்கிறது. ஆசைப்பட்டது கிடைக்காமல் கிடைத்ததைப் படித்தவர்கள் கலாநிதிப் பட்டத்திலாவது மாறிவிட நினைப்பது இயல்பு. வழிகள் மூன்று: பேராதனையிலேயே முதுதத்துவமாணிக்குப் (MPhil) பதிந்து கலாநிதிக்கு உயர்வது, வெளிநாட்டில் ஆய்வு முதுமாணி முடித்துப் போவது, இளமாணியோடு நேரே அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பது. எது தோது என்பது தாண்டவேண்டிய தூரத்தைப் பொறுத்தது. அந்தத் தூரத்தைத் துறையின் பெயரை வைத்து அளந்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

தேயிலை பெக்டரியை எடுங்கள். இயந்திரப் பொறியியல் முடித்தவர் இரசாயனப் பொறியியலுக்குப் போய்க் கொழுந்து பதப்படுத்தலை ஆராயப் போகிறார். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு ஈரம். டிரையரிலிருந்து வெளிவரும் தூளில் ஏறத்தாழ 3 சதவீதம். இலைக்குள் ஈரம் நகர்வதைச் சொல்லும் ஃபிக் விதியும், அவர் ஏற்கெனவே படித்த ஃபூரியரின் வெப்பக் கடத்தல் விதியும் வடிவத்தில் ஒன்றுதான். விசிறியும் காற்றோட்டமும் கைப்பழக்கம். உருட்டிய கொழுந்து நொதியால் ஒட்சியேறும் கட்டத்தில்தான் தடுமாறுவார். தாக்க வேகவியலும் (இரசாயனத் தாக்கம் எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பது) கட்டச் சமநிலையும் (திண்மம், திரவம், வாயு நிலைகளுக்கிடையிலான சமநிலை) அவர் ஆழமாகப் படித்திராதவை. இரண்டு பாடம், ஒரு செமஸ்டரில் பிடித்துவிடலாம்.

குடிசார் பட்டதாரி மண்சரிவு எச்சரிக்கைக் கருவி செய்ய இலத்திரனியலுக்குப் போவது அப்படியல்ல. மண்ணின் நுண்துளைகளில் நீரமுக்கம் ஏறினால் சரிவு ஏன் வழுக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் அர்டுயினோ என்ற சிறு மின்சுற்றுப் பலகையில் ஒரு மழைமானியைப் பூட்டிவிட்டு இலத்திரனியல் கைவந்துவிட்டதென நம்புவார்கள். சில மில்லிவோல்ட் சமிக்ஞையை இரைச்சலிலிருந்து பிரிக்கவும், பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் அளவீடு நகர்வதைத் திருத்தவும் சமிக்ஞைகள், நிகழ்தகவு, அனலொக் சுற்றுகள் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது ஏறாது. இவருக்கு எங்கள் ஆலோசனை மாறவே வேண்டாம் என்பது. குடிசார் துறையிலேயே பதிந்து, இரண்டாவது மேற்பார்வையாளரை மின் துறையிலிருந்து எடுத்தால் அதே ஆய்வு நடக்கும்.

தேயிலைக்காரர் போன்றவரின் பக்கத்துத் தாண்டலுக்குப் பேராதனை முதுதத்துவமாணி பொருந்தும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது 11ஆம் மட்டம், கலாநிதி 12. முழுநேரமாகக் குறைந்தது இரண்டு வருடம், முன்னேற்றம் திருப்தியென்றால் கலாநிதிக்கு உயர்த்தக் கேட்கலாம். வீட்டிலிருந்தே போய்வரலாம். கையில் வரும் பணம் மேற்பார்வையாளரின் ஆய்வு நிதியைப் பொறுத்ததால் பலர் வேலையோடு இழுத்து, நாலைந்து வருடமாக்குகிறார்கள். இன்னொரு குறை, விட்டுப்போன பாடத்தை யாரும் கற்பிக்கமாட்டார்கள். மூன்றாம் ஆண்டு வகுப்பில் பின்வாங்கில் உட்கார அனுமதி கேட்டு நீங்களே நிரப்பவேண்டும்.

வெளிநாட்டு முதுமாணியில் ஆய்வேடு உள்ளதை மட்டும் பாருங்கள். கனடாவில் இது இரண்டு வருடம். பெரும்பாலும் மேற்பார்வையாளர் உதவித்தொகை தருவார். கைக்காசு கொட்டி ஒரு வருடப் பாடநெறி முதுமாணி முடித்தால் ஆய்வு அனுபவம் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கும். வார இறுதியில் இங்கே படிக்கும் 9ஆம் மட்ட முதுமாணிக்கும் இதே கதிதான்.

தாண்டல் பெரிதென்றால் அமெரிக்காவே மேல். முதல் ஒன்றிரண்டு வருடம் பாடங்கள், பிறகு தகுதிகாண் பரீட்சை, பிறகே ஆய்வு. ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். கட்டணமும் செலவும் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பதவியால் தீரும். தகுதிகாண் பரீட்சைதான் துறை மாறியவரின் கண்டம். அந்தத் துறையின் இளமாணி அடிப்படையையே கேட்பார்கள். தவறினால் பெரும்பாலும் முதுமாணியோடு வெளியேறலாம் என்பது ஒரு ஆறுதல். விண்ணப்பம் டிசம்பரில் முடியும், ஆகவே வேலை மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கவேண்டும்: போகவிரும்பும் துறையில் ஒரு விருப்பப்பாடம், அத்துறை விரிவுரையாளரோடு இறுதியாண்டு புரொஜெக்ட், அவரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம். மூன்று கடிதமும் பழைய துறையிலிருந்தே போனால் “நல்ல மாணவர்” என்பது தெரியும், இங்கே தேறுவாரா என்பது தெரியாது. ஒன்லைன் சான்றிதழ்களை அடுக்குவது அந்தக் கடிதத்துக்கு ஈடாகாது.

திரும்பிவந்து விரிவுரையாளராகும் எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். இங்கே தகுதிகாண் விரிவுரையாளர் விளம்பரம் இளமாணி எந்தத் துறை, எந்த வகுப்புச் சித்தி என்றுதான் முதலில் கேட்கும். கலாநிதிப் பட்டம் அதை மறைக்காது. கடந்த சில வருட விளம்பரங்களை எடுத்து, “உரிய துறை” என்பதற்கு அந்தந்தத் துறை என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகு, ஆய்வுப் பதிவில் எந்தத் துறையின் பெயரைப் போடுவதென்று முடிவெடுங்கள்.