சேட்டக்கா, கைனெடிக் ஹோண்டாவா: பழைய வண்டி வாங்கும்முன் ஆயில் போகும் வழியைப் பாருங்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரை திருநகரில் ஒரே வாரத்தில் இரண்டு பழைய ஸ்கூட்டர்கள் விலைக்கு வந்தன. ஒன்று 1998 மாடல் பஜாஜ் சேட்டக், மற்றது கிட்டத்தட்ட அதே வயதுள்ள கைனெடிக் ஹோண்டா. இரண்டுமே டூ ஸ்ட்ரோக், இரண்டும் ஓடுகிற நிலை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். சேட்டக்கை நான் எடுத்தேன், கைனெடிக்கை என் மைத்துனர் எடுத்தார். அவர் வெளியூர் போயிருந்த மூன்று மாதமும் அந்த வண்டி என்னிடம்தான் இருந்தது. கைனெடிக்கைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த மூன்று மாதத்துப் பழக்கம்தான்.

ஓட்டுகிற சுகத்தில் போட்டியே கிடையாது. கைனெடிக்கில் கியர் இல்லை, பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட். கோரிப்பாளையம் நெரிசலில் சேட்டக்கின் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கும்போது அதன் அருமை தெரியும். வீட்டில் எல்லோரும் ஓட்ட வேண்டும் என்றால் கைனெடிக்தான். தோற்றம், மைலேஜ் எல்லாம் ஆளுக்கு ஆள், வண்டிக்கு வண்டி மாறும்.

எஞ்சின் இன்னும் பத்து வருஷம் ஓட வேண்டும் என்பவருக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்காது. பெட்ரோலோடு உள்ளே போகும் ஆயில்தான் பிஸ்டனையும் கிராங்க் பேரிங்கையும் காப்பாற்றிவிட்டு, எரிந்து புகையாக வெளியேறும். சேட்டக்கில் அந்த ஆயிலை பெட்ரோல் போடும்போது நாமே கலக்கிறோம். கைனெடிக்கில் அதற்குத் தனி டேங்க் உண்டு. ஆக்சிலேட்டர் முறுக்கத்துக்கு ஏற்ப ஒரு சின்ன பம்ப் அளந்து அனுப்பும். புது வண்டியில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மெதுவாகப் போகையில் குறைவாகவும், விரட்டும்போது அதிகமாகவும் கொடுக்கும், புகையும் குறையும்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அதே பம்ப்பை நம்புவது எப்படி? ஆயில் வருகிற டியூப் வெயிலில் விறைத்து, முனையில் வெடிப்பு விட்டிருக்கும். கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலே அளவு குறையும். ஆயில் டேங்க் ஒரு தடவை காலியாக ஓடிவிட்டால் லைனில் காற்று புகுந்துகொள்ளும். டேங்கை மட்டும் நிரப்பினால் போதாது; பம்ப்பில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்திக் குமிழியெல்லாம் வெளியேறும்வரை ஆயிலை வழியவிட வேண்டும். எச்சரிக்கை விளக்கு டேங்கில் ஆயில் இருக்கிறதா என்றுதான் சொல்லும். பிஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது. மைத்துனர் வண்டியில் நான் ஆயில் டேங்கில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். கொஞ்சமாவது இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது.

கையால் கலப்பதில் ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். வாங்கிய முதல் மாதமே ராத்திரியில் அவசரமாகப் பெட்ரோல் போட்டு, ஆயில் ஊற்ற மறந்துவிட்டேன். மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை தாண்டியதும் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல் தயங்கியது. அடுத்த நொடி பின் சக்கரம் கிறீச்சென்று இறுகியது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் ஆறவிட்டதும் கிக்கர் இறங்கியது. மறுநாள் மெக்கானிக், பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையான பிளாக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நகத்தை வச்சு மேலேருந்து கீழே இழுத்துப் பாருங்கண்ணே, மாட்டுதா?" சைலன்சர் பக்கத்துச் சுவரில் நகம் தட்டித் தட்டி இறங்கியது. பிஸ்டனிலும் அதே பக்கம் நெடுக்குக் கோடுகள். போர் பண்ணி, அதாவது உள்சுவரைக் கடைந்து, சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். அன்றிலிருந்து டிக்கியில் ஆயில் பாட்டிலும் அளவு மூடியும் இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டுவதில்லை.

அதற்குப் பிறகும் சேட்டக்கைத்தான் சொல்வேன். அதில் ஆயில் போகும் வழி மொத்தமும் என் கண் முன்னால் இருக்கிறது. லிட்டருக்கு 20 மில்லி, ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. முதலில் ஆயில், அதன் மேல் பெட்ரோல்; விழுகிற வேகத்திலேயே கலந்துவிடும். பயத்தில் கூடுதலாக ஊற்றுவதும் தப்பு. பிளக் நனையும், எக்ஸாஸ்ட் போர்ட்டில் கரி ஏறும், வண்டி மூச்சு முட்டும். காற்றில் குளிரும் எஞ்சினுக்கான டூ டி ஆயிலில் (டூ ஸ்ட்ரோக்குக்கான ஆயில்) ஜாஸோ எஃப்.சி. என்ற ஜப்பானியத் தரக்குறி பார்த்து வாங்குங்கள். கார், பைக்கிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது கரியும் சாம்பலுமாக உள்ளே படியும். டூ டி ஆயிலுக்குத் தட்டுப்பாடு இல்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் புல்லுக்கட்டு சுமக்கும் பழைய எக்ஸ்.எல். வண்டிகள் இருக்கும்வரை அது கிடைக்கும்.

இரண்டு இடங்களில் பம்ப் ஜெயிக்கும். சிறுமலை மாதிரி இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு கியரிலேயே இறங்கினால், கலவை வண்டிக்குள் பெட்ரோல் போவது குறையும். கூடவே ஆயிலும் குறையும், எஞ்சினோ சுழன்றுகொண்டே இருக்கும். பம்ப் என்றால் எஞ்சின் சுழலும்வரை கொஞ்சமாவது ஆயில் அனுப்பும். அதனால் இடையிடையே கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குவேன். இன்னொன்று, இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்பட நிற்கும் வண்டியில் ஈரம் அதிகம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், கார்புரேட்டருக்குப் போவது அடியில் உள்ளது. ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன். மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றித்தான் கிக் அடிப்பேன்.

கைனெடிக்கின் பெல்ட், ரோலர் தேய்மானம் பற்றி மூன்று மாதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதை வருஷக்கணக்கில் வைத்திருப்பவரிடம் கேளுங்கள். சேட்டக்கில் வெண்புகை விடாமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்தால் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலேட்டரை விட்டும் எஞ்சின் தானாக உறுமிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது; மேக்னட் பக்கத்து சீலை முதலில் பாருங்கள். அப்படியே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் சூடேறி, ஆயில் சரியாக ஊற்றியிருந்தும் பிஸ்டன் பிளாக்கில் இறுகிப் பிடிக்கும்.

மைத்துனர் திரும்பி வந்ததும் டியூப்பையும் கேபிளையும் புதிதாக மாற்றச் சொன்னேன், மாற்றினார். அதன் பிறகும் பெட்ரோல் டேங்கில் லிட்டருக்கு 10 மில்லி ஊற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறார். கொஞ்சம் புகைகிறது, ஆனால் வண்டி இன்னும் பிளாக் திறக்காமல் ஓடுகிறது.