பிளெண்டர் கேமரா: தார்சாவிலிருந்து கோபுரம் வரை

வீட்டு பிளானை பிளெண்டர் என்கிற முப்பரிமாண (3D) மென்பொருளில் படமாக்கித் தருகிற வேலையில், புதிதாக வருகிறவர்களை, வீட்டை உருவமாகக் கட்டுகிற மாடலிங்கைவிடக் கேமராதான் அதிகம் படுத்தும். திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய வீடுகள் ஒல்லியாக நீண்டவை. தார்சா (முன்பகுதி), பட்டாசல் (கூடம்), அடுக்களை, புறவாசல் என்று ஒரே கோட்டில் போகும். அகலம் பத்தடி தேறினால் பெரிசு. இதைப் படத்துக்குள் அடக்க லென்ஸை விரிக்கத்தான் கை போகும். கெடுவதும் அங்கேதான்.

பிளெண்டரில் கேமரா சேர்த்தால் லென்ஸ் 50 மி.மீ., சென்சார் (படம் பதியும் பரப்பின் அகலம்) 36 மி.மீ. என்று வரும். சுவருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தை 36 ஆல் பெருக்கி லென்ஸ் அளவால் வகுங்கள். படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும். பத்தடிச் சுவர் முழுசாகத் தெரிய 50 மி.மீ.க்கு 14 அடி பின்னால் போகணும், 24-க்கு ஏழடி, 18-க்கு ஐந்தடி. 18-இல் பட்டாசல் கல்யாண மண்டபம் மாதிரி விரியும், ஓரத்து நாற்காலி இழுபட்டு நிற்கும். குடிவந்தபின் வீட்டுக்காரர், "படத்துல பெருசா இருந்துச்சே, இங்க கட்டிலப் போட்டா நடக்க எடமில்லையே" என்பார். 24-க்குக் கீழே இறங்காதீர்கள்.

இடம் பத்தாவிட்டால் கேமராவைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய், கிளிப் ஸ்டார்ட்டைக் கூட்டலாம்; அந்தத் தூரத்துக்குள் கிட்டே இருப்பதைக் கேமரா காட்டாது. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஓரடி வெளியே கேமரா என்றால் 0.6 மீட்டர் போதும். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் (இறுதிப் படம் எடுக்கும் முறை) கேமராவுக்கு மட்டும்தான் அந்தச் சுவர் மறையும். வெளிச்சத்தை அது எப்போதும்போல மறிக்கும், அதனால் உள்ளே நிழல் மாறாது. இந்த ஒரு வசதிக்காகவே பிளெண்டரை விட மனசு வராது.

கேமராவின் உயரம் 1.5 மீட்டர், எக்ஸ் சுழற்சி சரியாக 90 டிகிரி. இப்படி வைத்தால் தூண்கள் நேராக நிற்கும். மேலே காட்டணும் என்று கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால், தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அதற்குப் பதில் லென்ஸ் பகுதியில் ஷிஃப்ட் ஒய்யைக் கூட்டுங்கள்; கேமரா சாயாமல் காட்சி மட்டும் மேலே நகரும்.

கோபுரத்துக்கும் இதே வழிதான். நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் நின்று பார்ப்பதுபோல வேண்டுமென்றால், படத்தை 1080க்கு 1920 என்று நெட்டுக்குத்தாக வையுங்கள். அப்போது சென்சாரின் 36 மி.மீ. அகலத்தை விட்டு உயரத்துக்குப் போய்விடும், அதே 24 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் திடீரென்று குறுகிப்போனதாகத் தெரிவது இதனால்தான். 20 மீட்டர் தள்ளி நின்றால் 30 மீட்டர் உயரம் படத்தில் அடங்கும். ஷிஃப்ட் ஒய் 0.3 கொடுத்தால் கண்மட்டக் கோடு கீழிருந்து ஐந்தில் ஒரு பங்கில் நிற்கும், உச்சியில் 25 மீட்டர் வரை தெரியும்.

கேமராவை நகர்த்த, பார்வையைச் சரிசெய்துவிட்டு கண்ட்ரோல், ஆல்ட், நம்பேட் (கீபோர்டின் வலப்பக்க எண் விசைகள்) 0 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நுணுக்கத்துக்கு, N விசையை அழுத்தி வியூ தாவலில் 'லாக் கேமரா டு வியூ' டிக் போடுங்கள்; பார்வையைத் திருப்பினால் கேமராவும் கூடவே நகரும். முடிந்ததும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். மறந்தால், அடுத்துச் சும்மா திருப்பிப் பார்ப்பதில் கோணம் போய்விடும். ஐட்டம் தாவலில் இடம், சுழற்சி இரண்டுக்கும் பூட்டுப் போட்டுவைப்பது இன்னும் பத்திரம். நம்பேட் இல்லாத லேப்டாப்பில், மேல்வரிசை எண்களையே நம்பேடாக்கும் 'எமுலேட் நம்பேட்' உண்டு. ஆனால் எடிட் மோடில் புள்ளி, விளிம்பு, முகம் மாற்றும் 1, 2, 3 அதோடு போய்விடும்.

மாடலை வேறு மென்பொருளிலிருந்து கொண்டுவந்தால் முதலில் கதவை அளந்து பாருங்கள். ஏழடிக் கதவு 2100 மீட்டர் என்று காட்டினால், மில்லிமீட்டர் மீட்டராக ஏறியிருக்கிறது. கேமரா காட்டும் கடைசித் தூரமான கிளிப் எண்டைத் தாண்டிய பாதி வீடு காணாமல் போகும், பின்னணி மங்கலைக் கூட்டிக் குறைக்கும் எஃப்-ஸ்டாப்பை 2.8 வைத்தாலும் பின்னணி மங்காது.

ஒரே வீட்டுக்கு ஆறு கோணம் வேண்டுமா? டைம்லைனில் ஃப்ரேமுக்கு ஒரு மார்க்கர் (அடையாளக் குறி) போட்டு, அதற்குரிய கேமராவைத் தேர்ந்து, டைம்லைன் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல் பி அழுத்தினால், அந்த ஃப்ரேமுக்கு அந்தக் கேமரா கட்டுப்படும். 1 முதல் 6 வரை அனிமேஷனாக ரெண்டர் விட்டால் ஆறும் வரிசையாக வந்துவிடும். கோப்புப் பெயர் மட்டும் வெறும் எண்ணாக இருக்கும். எது தார்சா, எது அடுக்களை என்று கையால்தான் மாற்றணும்.